கேட்டுக்கு உள்ளே வராத நமநமப்பு

கடலூர் சிப்காட் பக்கம் ரசாயன ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எங்கள் ஆலையில் அதற்கென்றே சின்னச் சின்ன அறைகள் வைத்த மர அலமாரி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது முழுக்கத் தீப்பற்றக்கூடிய கரைப்பான்கள். ஒரு பொறி போதும். அதனால் ஷிஃப்ட் நடக்கிற எட்டு மணி நேரமும் நான் சிகரெட் இல்லாமல்தான் இருந்தேன், வருஷக்கணக்காக. அதில் பெரிய கஷ்டம் எதுவும் இருந்ததில்லை. பம்ப் சீல் மாற்றுவோம், வால்வைக் கழற்றுவோம், கேன்டீனில் சாப்பிடுவோம், நினைப்பே வராது.

ஆனால் ஷிஃப்ட் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது, சோப்பு போட்டுக் கை கழுவுகிற இடத்திலேயே வாய் நமநமக்க ஆரம்பித்துவிடும். பஞ்ச் வைத்துவிட்டு வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் விரலிடுக்கில் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் முக்கால் மணிக்கு ஒருமுறை மாடிப்படி ஏறுவான்.

உடம்பு நிகோடின் கேட்பதால்தான் தவிப்பு என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எட்டு மணி நேரத்தில் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் ஷிஃப்டின் பின்பாதியில் நான் சுவரைப் பிறாண்டியிருக்க வேண்டும். எனக்கு அங்கேதான் நிம்மதியாக இருந்தது.

இதை ஏதோ என் விசித்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். புகைப்பழக்கம் உள்ள பணியாளர்கள் குறுகிய தூர விமானத்திலும் நீண்ட தூர விமானத்திலும் போகும்போது அவர்களுடைய ஆசை எவ்வளவு என்று நேரம் தவறாமல் கேட்டுக் குறித்திருக்கிறார்கள். சிகரெட் தொடாமல் இருந்த நேரம் இரண்டு விமானத்திலும் ஒன்றாக இருக்கும் கட்டத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். ஆனால் இறங்கப் போகிறவர்களுக்குத்தான் ஆசை கூடியிருந்தது. இன்னும் பல மணி நேரம் பறக்க வேண்டியவர்கள் சாதாரணமாக இருந்தார்கள். எங்கள் கேட்டில் தினமும் மூன்று ஷிஃப்டுக்கு நடப்பதும் இதேதான்.

நான் சிகரெட்டை விட்டதற்கு மனவுறுதி ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள். தவிப்புக்கு ஒரு முகவரி இருக்கிறது: ஒரு நேரம், ஒரு இடம், கூட நிற்கிற ஒரு ஆள். ஒவ்வொரு முகவரியாகத் தேடிப் பிடித்து மாற்றினேன், அவ்வளவுதான். "மனசு வைச்சா முடியும்" என்று அறிவுரை சொல்கிறவர்களில் பாதிப் பேர் சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நிறுத்துவதற்கு முந்தின வாரம் சிகரெட்டைக் குறைக்கவில்லை. வழக்கம்போலவே பிடித்தேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, யாருடன் என்று மட்டும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். தாள்களை அடுக்கிப் பார்த்தபோது இவ்வளவு ஒழுங்கான மனிதனா நான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையில் கக்கூஸ் போவதற்கு முன். பைக்கை எடுப்பதற்கு முன். முதுநகரில் டீ. ஷிஃப்ட் விட்டதும் கேட். சாப்பிட்டு முடித்ததும். போன் பேசும்போது, அதுவும் ஊரிலிருந்து அண்ணன் நிலத்தகராறு பற்றிப் பேசும்போது கட்டாயம். இவற்றில் உண்மையாகவே ஆசைப்பட்டுப் பிடித்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அந்த இடத்துக்கு வந்துவிட்டோமே என்பதற்காகப் பிடித்தவை.

ஒவ்வொன்றுக்கும் பதிலாக என்ன செய்யப் போகிறேன் என்பதை அதே தாளில் எதிரே எழுதிக்கொண்டேன். தீபாவளி முடிந்த வாரத்தில் நிறுத்தினேன். போனஸ் வந்திருந்தது; கடன் தொல்லை இல்லாத, மனசு லேசாக இருக்கிற வாரம் வருஷத்தில் அது ஒன்றுதான்.

முதலில் காலைக்கடன். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, கூச்சம் போல. ஒரு தம் அடித்தால்தான் வயிறு இளகும் என்று இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் தெரியும். அது வெறும் நினைப்பு மட்டுமல்ல. நிகோடின் குடல் அசைவைத் தூண்டும். நிறுத்தியதும் சில வாரம் மலச்சிக்கல் வருவது சகஜம். தயாரில்லாமல் இருப்பவர்கள் நாலாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மட்டும் ஒண்ணு" என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் பாக்கெட்டே வாங்கிவிடுகிறார்கள். நான் முந்தின வாரமே ராத்திரியில் இசப்கோலைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டேன். எழுந்ததும் வெந்நீர், கூட ஒரு பூவன்பழம். அதோடு முன்பு செல்போனையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போவேன். போனையும் வெளியே வைத்தேன். கை சும்மா இருந்தால் துணையைத் தேடும் என்பார்கள், ஆனால் இங்கே இரண்டும் ஜோடி. ஒன்றிருந்தால் மற்றது நினைவுக்கு வந்துவிடும்.

டீதான் பெரிய சிக்கல். முதுநகரில் நான் வழக்கமாக நிற்கிற கடையில் இடப்பக்கத் தூணில் கேஸ் லைட்டர் ஒன்று ரப்பர் கயிற்றில் தொங்கும். அதற்கு நேர் மேலே, பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்கிற போர்டு. 2008 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கும் தடை. போர்டு எண்ணெய்ப் புகையில் பழுத்து மஞ்சளாகிவிட்டது, லைட்டரை மட்டும் கடைக்கார அண்ணன் ஒழுங்காக மாற்றிக்கொண்டிருப்பார். நான் வண்டியை நிறுத்தும்போதே கிளாஸைக் கழுவிக்கொண்டு, கேட்காமலே ஒரு கிங்ஸை எடுத்து டப்பா மேல் வைத்துவிடுவார். டீ இடக்கையில், சிகரெட் வலக்கையில். பல வருஷப் பழக்கம்.

டீயை விடச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள். டீயையும் விட்டால் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது? நான் செய்தது வேறு. தூண் பக்கம் நிற்காமல் உள்ளே பெஞ்சில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளாஸை வலக்கையில் பிடித்தேன், இடக்கையில் மசால்வடை. முதல் நாள் அண்ணன் வழக்கம்போல் கிங்ஸை எடுத்து வைத்தார்.

"வேணாண்ணே. இனிமே எடுத்து வைக்காதீங்க."

"ஏன், காய்ச்சலா?"

"விட்டுட்டேன்."

"சரி சரி," என்று சொல்லி அதைத் திரும்ப டப்பாவில் போட்டவர், ஒரு வாரம் வரை நான் வந்ததும் கை அந்த டப்பா வரை போய்த் திரும்புவதைப் பார்த்தேன். பழக்கம் எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும்தான்.

டீயை அடியோடு விட வேண்டாம் என்றேனே தவிர, குறைத்தே ஆக வேண்டும். அதற்கு ஆசையோடு தொடர்பில்லாத காரணம் ஒன்று இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், காபீனை உடைத்துத் தள்ளுகிற கல்லீரல் நொதியின் வேகத்தைக் கூட்டி வைக்கின்றன. புகை நின்றதும் சில நாளிலேயே அந்த வேகம் இறங்கிவிடும். அப்போது பழைய கணக்கிலேயே ஐந்து டீ, இரண்டு காபி என்று குடித்தால் காபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு எல்லாம் வரும். ஆள் அதை சிகரெட் இல்லாத தவிப்பு என்றே நினைத்துக்கொள்வான். நான் பாதியாகக் குறைத்தேன், மதியம் மூன்று மணிக்கு மேல் டீயே இல்லை. சில மருந்துகளுக்கும் இதே கதைதான். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை நிறுத்தினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முகவரி, முகவரி என்று பேசுவதால் உடம்புக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. முதல் மூன்று நாள் உடம்பின் ஆட்டம்தான். தலை கனத்தது. ஒரு வேலையில் மனம் நிற்கவில்லை. பசி அடங்கவில்லை. வீட்டில் யார் தட்டைக் கீழே வைத்தாலும் இடி விழுந்த மாதிரி கேட்டது. பெண் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்டதற்கு நான் கத்திய கத்தலைப் பார்த்துவிட்டு மனைவி, "ஏங்க, நீங்க பேசாம ஒண்ணு பிடிச்சிட்டு வந்துடுங்க, நாங்க தாங்க மாட்டோம்" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்: இரண்டு மூன்று வாரம் இப்படித்தான் இருப்பேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நானே கேட்டாலும் சிகரெட் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று. முதல் வாரம் உச்சம், பிறகு இறங்கும், பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாலு வாரத்தில் அடங்கிவிடும். இருமல் மட்டும் எனக்குக் கூடியது. புகையால் செயலிழந்திருந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளுவதால் அப்படி ஆகும். "விட்டதாலதான் இருமல் வந்துச்சு" என்று சொல்லி மறுபடி பற்றவைத்த ஒரு மனிதர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

நிகோடின் சூயிங்கம் எனக்கு உதவியது. அதை சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லுகிறவர்கள்தான் "வாய் எரியுது, விக்கல் வருது, இது வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல, சுர்ரென்று ஒரு ருசி வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். நிகோடின் ஏறுவது வாயின் தோல் வழியாகத்தான். எச்சிலோடு விழுங்கினால் வயிறுதான் கெடும். ஒரு நிமிஷத்தில் சுர்ரென்பது அடங்கும், திரும்ப நாலு மெல்லு, வேறு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்து 15 நிமிஷமாவது ஆகியிருக்க வேண்டும். வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிகோடின் ஏறாது. 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவில் வருகிறது. காலையில் எழுந்த 30 நிமிஷத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடிக்கிறவர்களுக்குப் பொதுவாக 4 மி.கி. அளவைச் சொல்வார்கள். அதை டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் எந்த அளவானாலும் கேட்காமல் தொடக் கூடாது. தவிப்பு வந்த பிறகு தேடுவதைவிட முதல் சில வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரப்படி போடுவது நல்லது. பிறகு படிப்படியாகக் குறைத்து, மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். இதையே "அதுவும் நிகோடின்தானே" என்று சிலர் மட்டம் தட்டுவார்கள். நிகோடின்தான், அடிமைப்படுத்துவதும் அதுதான். ஆனால் உடம்பைப் பெரிதும் கெடுப்பது தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். அவை சூயிங்கத்தில் இல்லை. சிகரெட்டை இழுத்தால் பத்திருபது விநாடியில் நிகோடின் மூளைக்குப் போய் அடிக்கும். கம்மில் அந்த அடி கிடையாது, மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

சூயிங்கம் ஒத்துவராதவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற பட்டை இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் வாரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் ஜிப்மர் மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கென்றே கிளினிக் நடக்கிறது. கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேர வேலை.

அரசாங்கத்தின் இலவச உதவி எண் 1800-11-2356. கூப்பிட்டேன். நிறுத்தும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். தமிழில் பேச முடிகிறது. இந்த எண் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கிறது. எனக்கு அது பல வருஷம் தெரியாது, ஏனென்றால் நான் பாக்கெட்டே வாங்கியதில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான், ஒன்று ஒன்றாக வாங்குகிறவர்கள். பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு புற்றுநோய்ப் படம் போடும் விதி அமலுக்கு வந்தது 2016-இல். அந்தப் படம் பெட்டிக்கடைக்காரரைத்தான் தினமும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. உதிரியாக வாங்குகிறவன் கைக்கு வருவது வெள்ளைக் குழல் மட்டும். உதிரி விற்பனை இருக்கிற வரை அந்தப் படத்தால் பாதிப் பலன்தான் என்பது என் கட்சி.

தவிப்பு வரும்போது என்ன செய்வது? அது வந்தால் போகாது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. அலைபோல் எழும்பி, உடைந்துவிடும். நாம் பற்றவைத்ததால்தான் அடங்கியது என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம், பற்றவைக்காவிட்டாலும் அடங்கியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான் சட்டைப்பையில் வைத்திருந்தது வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தோலோடு. தோலை உடைப்பது, உள்தோலை ஊதுவது, ஒவ்வொன்றாகப் போடுவது என்று கைக்கும் வாய்க்கும் மூச்சுக்கும் சேர்த்து வேலை. முந்திரி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு மல்லாட்டையா என்று கேலி செய்தார்கள். முந்திரியை அப்படித் தின்ன என் சம்பளம் போதாது, உடைக்கிற வேலையும் இல்லை. கூடவே குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பது. பிறகு நீளமாக மூச்சு இழுத்து மெதுவாக விடுவது. சிகரெட் பிடிக்கும்போது கிடைத்த அமைதியில் ஒரு பங்கு அந்த ஆழமான மூச்சினுடையதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹான்ஸ் புகையிலைப் பக்கம் போகாதீர்கள். புகைதானே கூடாது, வாயில் ஒதுக்கினால் என்ன என்று மாறி, இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்கள் ஷிஃப்டுக்கு ஒருவராவது தேறுவார்கள். லைட்ஸ் என்று மெல்லிசாக வருவதும் ஏமாற்றுதான். நிகோடின் போதாததால் ஆழமாக இழுப்போம், எண்ணிக்கையும் ஏறும். இ-சிகரெட்டை நாட்டிலேயே 2019-இல் தடை செய்துவிட்டார்கள்.

கேட்டைக் கடப்பது எப்படி என்று சொல்லவில்லையே. மர அலமாரியில் எனக்கென்று இருந்த அறையை செக்யூரிட்டியிடம் சொல்லி விட்டுக்கொடுத்தேன். அது இன்னொருவருக்குப் போய்விட்டது. ஷிஃப்ட் விட்டதும் எங்கள் கும்பல் கூடுவது எதிரே புளியமரத்தடியில். நான் கை கழுவும் இடத்திலேயே சூயிங்கம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வருவேன். ஹெல்மெட்டுக்குள் சிகரெட் வைக்க முடியாது, நின்று பேசவும் முடியாது. கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். "மாப்ள ஓவரா பண்றான்" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அதே மரத்தடியில் போய் நின்றேன், அப்போது ஒன்றும் ஆகவில்லை. நண்பர்களையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆரம்பத்தில் மரத்தடியை மட்டும் விட்டால் போதும்.

திட்டமிடாத முகவரியும் வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரின் தாழ்வான இடங்களுக்குள் புகுந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போன் இல்லை, வேலைக்குப் போகவும் வழியில்லை. வெளிச்சம் இருந்தது டீக்கடை ஜெனரேட்டரில் மட்டும். தெருவின் ஆண்கள் எல்லோரும் அங்கே, எல்லோர் கையிலும் ஒன்று. தானே புயலின்போது எப்படி இருந்தது என்று பேச்சு. தாளில் நான் எழுதிய எந்தப் பதிலும் அங்கே உதவவில்லை. காப்பாற்றியது வேலை. பெண்ணையாற்றங்கரைப் பக்கம் இருக்கும் மச்சினன் வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பீரோவைத் தூக்கி, நெல் மூட்டையை மொட்டைமாடிக்கு ஏற்றி, சேறு வாரிக் கொட்டி முடிக்கும்போது ராத்திரியாகிவிடும். கும்மிருட்டில், நனைந்த சட்டையோடு மச்சினன் ஒன்றை நீட்டினான். பற்றவைக்க நெருப்பு இல்லை, தீப்பெட்டி ஊறிப்போயிருந்தது. அன்று நான் தப்பித்ததில் தீப்பெட்டிக்கும் பங்குண்டு. அதனால்தான் சொல்கிறேன், வீட்டில், வண்டியில், பழைய பேன்ட் பையில் லைட்டர் இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சிகரெட்டைவிட லைட்டர் கைக்கெட்டாமல் இருப்பது முக்கியம்.

தண்ணி பார்ட்டி இன்னொன்று. கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடையைத் தாண்டினால் பாண்டி, சரக்கு விலையும் குறைவு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டிகள் அந்தப் பக்கம் போகிற வேகமே தனி. இரண்டு ரவுண்டு போன பிறகு சிகரெட்டை மறுக்கிற மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் மூன்று மாதம் நான் பாண்டி எல்லையில் இருக்கும் கன்னியகோயில் பக்கமே போகவில்லை. பிறகு போனபோது, வண்டி ஓட்டுகிறவன் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லி டிரைவர் வேலையை எடுத்துக்கொண்டேன். வட்டத்தில் ஒருவனாவது தெளிவாக இருப்பது எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

என்னோடு சேர்ந்து நிறுத்திய ஒருவர், எங்கள் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன், தங்கை கல்யாணத்தில் ஒன்று பிடித்துவிட்டார். "போச்சு, இனிமே என்ன" என்று மறுநாளே பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டார். ஒன்று பிடித்ததற்கும் பழக்கத்துக்குத் திரும்பியதற்கும் நடுவில் ஒரு ராத்திரி இருந்தது. அந்த ராத்திரியில் யாராவது, "சரி விடு, அது கல்யாண மண்டபத்து சிகரெட், நாளைக்குக் கிடையாது" என்று சொல்லியிருந்தால் போதும். இப்போது மறுபடி முயற்சி செய்கிறார். முயன்று விட்டவர்களில் முதல் தடவையிலேயே ஜெயித்தவர்கள் குறைவு.

உடம்பு பற்றிய நல்ல செய்திகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஓராண்டில் இதயநோய் அபாயம் புகைப்பவரைவிடப் பாதியாகக் குறையும், பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழப் பாதி. எனக்கு நேரடியாகத் தெரிந்தவை சின்ன விஷயங்கள். மூன்றாம் மாடி ரியாக்டருக்குப் படியேறும்போது நடுவில் நிற்பதில்லை. ஆற்றுத் திருவிழாவில் வாங்கி வந்த சிறுவள்ளிக்கிழங்கை அவிக்கும்போது அதன் மண்வாசனை வாசல் வரை வந்தது. மூக்கு திரும்பியதில் ஒரு நஷ்டமும் உண்டு. சிப்காட் காற்றில் ராத்திரி ஷிஃப்டில் வருகிற நாற்றம் எனக்கு இவ்வளவு நாள் தெரியாமலே இருந்திருக்கிறது. எடை கூடும், அதையும் மறைக்க வேண்டாம். முதல் வருஷத்தில் சராசரியாக 4-5 கிலோ என்கிறார்கள். எனக்கும் பேன்ட் இறுகியது. தேவனாம்பட்டினம் பீச்சில் காலை நடை ஆரம்பித்த பிறகு நின்றது, இறங்கவில்லை.

இன்னமும் எனக்கு மிச்சமிருக்கிற முகவரி சாவு வீடு. எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கோடு பீடி, சிகரெட் வைத்த தட்டு பந்தலில் சுற்றி வரும். ஆண்களுக்கு எடுப்பு வரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் போனதுமே வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரியப்பா இறந்தபோது ஐஸ் பெட்டி கொண்டுவருவது, மாலைக்குத் திருப்பாதிரிப்புலியூர் போவது எல்லாம் நான்தான். தட்டு என்னிடம் வந்ததும் சித்தப்பா பக்கம் நகர்த்தினேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, "நீ உட்டுட்டியாமே, எப்படிடா?" என்றார். இப்போது வேண்டாம், காரியம் முடியட்டும் என்றேன்.

காரியம் முடிந்த பிறகு அவரே வந்தார். எழுபதை நெருங்குகிறார், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் சூயிங்கம் வாங்குவதற்கு முன் அவருடைய டாக்டரைப் பார்க்கச் சொல்லி, ஒரு வாரத்துக்குக் காலண்டர் தாளில் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்திருந்தார். நேரம் மட்டும் மாறுகிறது, இடம் எல்லாத் தாளிலும் ஒன்றுதான்: திண்ணை. கட்டிலை முதலில் உள்ளே போடச் சொல்லியிருக்கிறேன்.